உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?

"நீங்களே உங்கள் முதலாளி" என்று எழுதித்தான் கம்பெனி என்னை ஆப்பில் டாக்சி ஓட்டச் சேர்த்துக்கொண்டது. அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் என் மனைவி. அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயராகிவிட்டது. "முதலாளி, குப்பையக் கொட்டிட்டு வந்து உக்காருங்க" என்பாள்.

அவள் இறந்தபின் இரண்டு வாரம் வண்டி எடுக்கவில்லை. திரும்பி வந்து ஆப்பைத் திறந்தால், என் கணக்கை மூடிவிட்டிருந்தார்கள். ஆறு வருடம் ஓட்டியவனுக்குக் காரணம் சொல்ல ஓர் ஆள் கிடையாது. கோபத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன். நான் அவர்களுடைய ஊழியன் என்று தீர்ப்பானால் மறுபடி வண்டி ஓட்டலாம். வெறும் காண்ட்ராக்ட் ஆள் என்றால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தச் சுவரை நினைத்தாலே எனக்குப் பயம்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஊழியர்னா லீவு கேக்கணும்ல? நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

"கேட்டேனே" என்றேன்.

முன்பு பஸ் கம்பெனியில் பதினைந்து வருடம் லீவ் லெட்டர் எழுதிய கை இது. பழக்கம் விடுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே ஆப்பின் உதவிப் பகுதியில் ஒற்றை விரலால் தட்டினேன்: 'மதிப்பிற்குரிய ஐயா, என் மனைவி இன்று காலை இறந்துவிட்டாள். இரண்டு வாரம் விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அந்தப் பக்கம் எந்த ஐயா இருந்தார்? மிஷின்தான் பதில் போட்டது: 'சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பிரச்சினை தீர்ந்ததா? ஆம். இல்லை.'

வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "தீந்துச்சு, 'ஆம்'னு நீங்களே அழுத்தியிருக்கீங்க. அப்புறம் நாங்க என்ன செய்யறது? நீங்கதானே உங்க முதலாளி?"

அவள் போனபிறகு அந்த வார்த்தையை இன்னொரு வாயில் கேட்டது அப்போதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் 'ஆம்'னு அழுத்தினீங்க?"

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். இருந்தாலும் சொன்னேன்.

"'இல்லை'ன்னு அழுத்தினா, என்ன பிரச்சினைன்னு முதல்லேர்ந்து எழுதச் சொல்லும்மா. அவ செத்துட்டான்னு இன்னொரு தடவை எழுத என்னால முடியல."

தீர்ப்பு அடுத்த மாதம் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். குப்பைக் கூடை நிரம்பி வழிந்தது. யாரும் சொல்லாமலே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.