அழத் தெரிந்த பிள்ளை

மெட்ராஸிலிருந்து சினிமாக் கம்பெனி ஒன்று குற்றாலத்தில் வந்து இறங்கியிருக்கிற செய்தியைத் தென்காசிச் சந்தையிலிருந்து காய்கறியோடு கொண்டுவந்து சேர்த்தார் நெல்லையப்பன். குடையைக்கூட மடக்கவில்லை. நனைந்த வேட்டியோடு நேராக அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"வடிவு, நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக் கட்டு. ஐந்தருவியில ஷூட்டிங் நடக்குது. அசிஸ்டெண்ட் டைரக்டர் யாருங்கே? நம்ம செல்லப்பா! ஒன்னைத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்ச பய. பாத்தா விடமாட்டான்."

முத்துவடிவு அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நான் வரலைப்பா. வாசுதேவநல்லூர்க்காரங்க என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னு மறந்துபோச்சா?"

வாசுதேவநல்லூரில் ஞானசம்பந்தம் என்கிற பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் விடைபெறும்போது ஒன்று மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். பெண் சின்ன வயதில் சினிமாவில் நடித்த கதையை நாங்கள் கிளற மாட்டோம், உங்கள் பக்கமிருந்தும் அந்தப் பேச்சு வரக் கூடாது.

"சும்மா பாத்துட்டு வருவோம்ட்டி. பாக்கதுல என்ன குத்தம்?"

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அத்தை உலகம்மாள், "போகாதட்டி" என்று கண்ணால் சொன்னாள். ஆனால் அப்பாவின் முகம் இப்படித் தெளிந்து முத்துவடிவு பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மனசு கேட்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, இலஞ்சி முருகன் கோயில் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்ட ஒரு சினிமாக்காரர் அவளை மெட்ராஸுக்குக் கூப்பிட்டார். நெல்லையப்பன் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ரயிலேறினார். வயலையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு தாய் சங்கரம்மாள் ஊரிலேயே இருந்தாள்.

முதல் படத்தில், செத்துக் கிடக்கும் தாயின் மேல் விழுந்து பிள்ளை அழ வேண்டும். வடிவுக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டால் எரிகிறது என்று கண்ணைக் கசக்கி மையெல்லாம் ஈஷிக்கொண்டாள். பகல் முழுக்க வீணாயிற்று. வேறு பிள்ளையைப் பார்க்கலாம் என்று டைரக்டர் எழுந்துவிட்டார். அப்போதுதான் நெல்லையப்பன் மகளின் காதோடு குனிந்து சொன்னார்.

"வடிவு, ஊர்லேர்ந்து தந்தி வந்திருக்கு. ஒங்கம்மை செத்துப்போயிட்டா."

பிள்ளை அழுத அழுகையில் விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஷாட் முடிந்ததும் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சும்மா சொன்னேம்ட்டி, அம்மை நல்லா இருக்கா" என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

படம் ஓடியது. பேபி வடிவு என்றால் அழுகை என்று பேராயிற்று. அடுத்தடுத்த படங்களிலும் அப்பா காதோடு குனிவார். அது பொய் என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், அந்த வார்த்தை காதில் விழுந்தால் உடம்பு தானாகக் குலுங்கத் தொடங்கிவிடும். கண்ணுக்குள் அம்மா பாடையில் கிடப்பாள்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே தந்தி வந்தது. விஷக் காய்ச்சல். மேக்கப் போட்டுக்கொண்டிருந்த மகளிடம் நெல்லையப்பன் தந்தியோடு வந்து சொன்னார். "அம்மை போயிட்டாட்டி."

வடிவு அப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "எந்தப் பக்கம் பாத்து அழணும்ப்பா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் ஊர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வடிவு அழவில்லை. "படத்துல அந்த அழுகை அழுதா, பெத்தவளுக்கு ஒரு சொட்டு விடலியே" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மறுபடி மெட்ராஸ் போனபோதும் யார் என்ன சொன்னாலும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதோடு கிடுகிடுவென்று வளரவும் செய்தாள். குழந்தை வேஷத்துக்குப் பெரியவள், பெரிய வேஷத்துக்குச் சின்னவள். கூப்பிடுவது குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. ஊர் திரும்பினார்கள். வசனம் எல்லாம் பிறர் சொல்லக் கேட்டே பாடம் பண்ணியவள் என்பதால், படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றிருந்தது. இருபது வயதைத் தாண்டியும் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. கயிறு கட்டி போலீஸ்காரர்கள் தடுத்து நின்றார்கள். சாரலில் நனைந்தபடி, பாறைமேல் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று கவுனோடு நின்றது. இராமலட்சுமி என்று பேராம். தாயைத் தொலைத்த பிள்ளை தனியாக நின்று அழுகிற கட்டம். அதுவோ மரத்திலிருந்த குரங்குகளைக் காட்டிக் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தாய் மாரித்தாய் கையில் துண்டோடு, "அழு கண்ணு, சாமீல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போகிறதே என்று டைரக்டர் கத்தினார்.

செல்லப்பா நெல்லையப்பனை அடையாளம் கண்டுகொண்டு கயிற்றுக்கு உள்ளே கூப்பிட்டான். "வாங்க அண்ணாச்சி. இது நம்ம பேபியா? நல்லா வளந்துட்டாளே." அவ்வளவுதான். அதற்குமேல் அவளிடம் அவனுக்குப் பேச ஒன்றுமில்லை. "இந்தப் பிள்ளை உசிரை வாங்குது அண்ணாச்சி" என்று பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அழணும், அவ்வளவுதானே? எங்கிட்ட விடு" என்றார் நெல்லையப்பன். "மொதல்ல அந்தத் தாய்க்காரியை வேன் பக்கம் அனுப்பு."

அவர் தண்ணீரில் இறங்கிப் பாறைக்குப் போய்ப் பிள்ளையின் காதோடு குனிந்தார். அருவி இரைச்சலில் முத்துவடிவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. பிள்ளை சட்டென்று திரும்பித் தாய் நின்ற இடத்தைத் தேடியது. அங்கே யாரும் இல்லை. வாய் கோணியது. கேமரா ஓடத் தொடங்கியது.

தான் எப்போது தண்ணீரில் இறங்கினோம் என்று முத்துவடிவுக்குத் தெரியாது. "ஏ பொம்பள, தள்ளு!" என்று யாரோ கத்தினார்கள். அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"பொய்ம்மா, பொய். ஒங்கம்மை சாகலை. அந்தா பாரு, வேன் பக்கத்துல துண்டை வச்சிக்கிட்டு நிக்கா. பாத்தியா?"

கூட்டத்தில் ஒருவன் கூவினான். "ஏலே, இது நம்ம பேபி வடிவுல்லா!" பிறகு எல்லோரும் கூவினார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை பாறையில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. டைரக்டர் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு வேறு பிள்ளை பிடித்து வரும்படி செல்லப்பாவை ஏசினார். மாரித்தாய் ஓடிவந்து மகளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"யாரு நீ? எதுக்கு உள்ள வந்த? புருசன் இல்லாதவ, இந்தப் பிள்ளைய வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறேன். இந்தப் படம் போச்சுன்னா நீ வந்து போடுவியா சோறு?"

"பிள்ளைகிட்ட நீங்க செத்துட்டதாச் சொன்னாங்கக்கா."

"சொன்னா சொல்லட்டும்! அழுதுட்டு மறந்துட்டுப் போகுது."

"மறக்காதுக்கா" என்றாள் முத்துவடிவு. மாரித்தாய் காதில் வாங்காமல் போய்விட்டாள். தாயின் தோளில் முகம் புதைத்திருந்த பிள்ளை, அவள் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தது.

ஆடி பிறக்கும் முன்பே வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். உலகம்மாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. "சந்தி சிரிக்க வச்சிட்டியேட்டி" என்று சொன்னதோடு நெல்லையப்பன் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தான் செய்தது சரிதானா என்று முத்துவடிவுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கல்யாணம் போனதைவிட, கஞ்சி என்று மாரித்தாய் சொன்ன சொல்தான் அவளை அறுத்தது.

தென்காசி மாதர் சங்கத்தில் பெரிய பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். "அழுது காட்டுக்கா" என்று சிலர் கேலி செய்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், அவள் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நெல்லையப்பன் உட்கார்ந்தார். நனைந்த குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு ஏன்ட்டி அப்படிச் செஞ்ச?"

"எனக்கு அம்மை முகம் ஞாபகமே இல்லப்பா" என்றாள் அவள். "நீங்க சொல்லுதப்பல்லாம் அவ செத்துக் கிடக்க மாதிரியே நெனச்சு நெனச்சு, உசிரோட இருந்த முகம் அழிஞ்சிட்டு."

நெல்லையப்பன் மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒன் மொதப் படம் தென்காசிக்கு வந்தப்போ, ஒன்னை அங்கன செல்லப்பாகிட்ட விட்டுட்டு நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். நீ அழுத கட்டத்துல எந்திரிச்சு வெளியே வந்துட்டா. என்னன்னு கேட்டா, 'எம்பிள்ள நெசமாத்தான் அழுதிருக்கா, நீங்க அவளை என்னமோ பண்ணியிருக்கிய'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நடிப்புன்னேன். அவ நம்பலை. பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்கன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தா. அடுத்த படம் முடியட்டும்னேன்."

அவள் ஏதாவது சொல்லுவாள், ஏசவாவது செய்வாள் என்று அவர் காத்திருந்தார். முத்துவடிவு புஸ்தகத்தை மூடி வைத்தாள்.

"அன்னைக்கு அம்மை என்ன சேலை கட்டியிருந்தா?"

அவர் யோசித்தார். "பச்சை. அரக்குக் கரை."

"தலையில?"

"பிச்சிப்பூ. ஒன்னைப் பாக்கப் போறோம்னு சந்தோசமா வச்சிருந்தா."

"நடை எப்படி இருக்கும்? வேகமா நடப்பாளா?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நெல்லையப்பன் தெரிந்ததைச் சொன்னார். தெரியாத இடங்களில், தெரியலைட்டி என்றார்.