வளைவுக்குப் போன மழைக்காசு

எங்கள் பிரதேச சபையில் மழைக்கென்று ஓர் ஒதுக்கு நிதி இருந்தது. மண் சரிந்து பாதை மூடினால் அன்றைக்கே மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கான காசு. அதை எடுத்து அம்மன் திருவிழாவுக்கு டவுனில் அலங்கார வளைவு கட்டுவோம் என்றார் தவிசாளர் பொன்னையா. வளைவின் நெற்றியில் யார் பெயர் வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தானா தெரிய வேண்டும்?

"தோட்டத்து மேல் டிவிசன் பாதை போன வருசமே வெடிப்பு விட்டிருச்சு. அங்க சோலைமலை அண்ணன் கிட்னி போய்க் கெடக்காரு. வாரத்துக்கு ரெண்டு தடவ ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தச் சுத்தம் பண்ணாத்தான் உசுரு. பாதை மூடுனா என்ன செய்வீங்க?" என்றேன்.

"அன்டனுக்குப் பாதை மேல அக்கறை இல்லங்க. வேதக்காரனுக்கு அம்மன் திருவிழா கண்ண உறுத்துது," என்றார் பொன்னையா.

மற்ற உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். சாமி காரியம் என்றால் எங்கள் ஆட்களுக்கு மறுத்துப் பேச வாய் வராது. அது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. அத்தனை முகங்களையும் நான் வெறுத்தேன்.

ஆனி மழையில் பாதை மூடியது. அது சபைப் பாதை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. காசில்லை, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றது சபை. முன்பணம் இல்லாமல் சாவியைத் தொடமாட்டேன் என்றான் பெக்கோக்காரன். லயத்துத் தொழிலாளர்கள் மண்வெட்டியால் வெட்ட வெட்ட, மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது.

சோலைமலையை நாற்காலியில் கட்டி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் தூக்கி இறக்கினோம். இரண்டு முறை சமாளித்துவிட்டார். அடுத்த முறை மழை விடவேயில்லை. ஒரு நாள் தள்ளித்தான் புறப்பட முடிந்தது. டவுனுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

மறுநாள் காலை மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் காசோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். சவப்பெட்டிக்கும் சடங்குக்கும் என்று தோட்டத்தில் எல்லோரும் மாதாமாதம் சம்பளத்தில் கட்டும் காசு அது. எந்தச் சாமிக்காகவும் அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள். மாலையோடு வந்து நின்ற பொன்னையா, "செலவப் பத்தி யோசிக்காதீங்க தங்கச்சி, நம்ம சங்கம் இருக்கு," என்றார்.

சோலைமலையின் மனைவி மீனம்மா அழுகையை நிறுத்தினாள். காசை வாங்கி அப்படியே என் கையில் திணித்தாள்.

"பெக்கோவக் கூப்பிடுங்கண்ணே. மொதல்ல பாதைய வெட்டட்டும்."

"அப்ப பெட்டிக்கு?"

"நாலு பலக போதும்."

பிறகு பொன்னையாவின் பக்கம் திரும்பினாள். "நாக்காலியில கட்டி எறக்குன மனுசன் வேன்லதான் வீட்டுக்கு ஏறுவாரு. அதுவரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க. உங்க சபை செய்யாத வேலைய இந்தப் பொணம் செய்யுது. பாத்துட்டுப் போங்க."

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் பாதை திறந்துவிட்டது. அவ்வளவு நேர வேலைதான் அது.