எழுந்து போகாதவர்

குற்றம் செய்தவர்களுக்காக வாதாடுவது எனக்குப் பழக்கம். அவர்கள் பொய் சொல்வார்கள், நான் ஜாக்கிரதையாக இருப்பேன். லீவன் வெர்கோட் மாதிரி யோக்கியர்களைக் கண்டால்தான் பயம்.

பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரில் பீர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை அவருடையது. அறுபத்து நான்கு தொழிலாளிகள். கூடிப் பேசி மூடி விலையை ஏற்றியதாக ஐந்து கம்பெனிகள் மேல் ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டிருந்தது. ஒரு கம்பெனி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டுத் தப்பித்தது. மாட்டிக்கொண்ட நான்கில் லீவனுடையதும் ஒன்று. அபராதம் விழுந்தால் தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான்.

பிரஸ்ஸல்ஸில் என் அலுவலகத்துக்கு வந்தவர் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரே ஒரு கூட்டம், வக்கீலம்மா. ஏர்போர்ட் பக்கத்து ஓட்டல்ல மதியச் சாப்பாடு. அவனுங்க விலை பேசினானுங்க. நான் வாயே திறக்கலை."

"ஒத்துக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"வாயே திறக்கலைங்கிறேன்."

"எழுந்து போனீங்களா?"

"காபி வரலையே. அதுக்கு முன்னாடி எப்படி எழுந்திருக்கிறது?"

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் பெல்ஜியக்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும் காபி குடித்துவிட்டுத்தான் எழுவார்கள்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு அவங்க நிரூபிக்கட்டும்," என்றார்.

"நீங்க அங்க இருந்தீங்கன்னு நிரூபிச்சா போதும், அவங்க வேலை முடிஞ்சுது. எதிர்த்தேன்னு காட்டுறது உங்க வேலை. இந்தச் சட்டத்துல சும்மா உட்கார்ந்திருந்தா சம்மதம்னுதான் அர்த்தம்."

"கொலைகாரனுக்குக்கூட சந்தேகத்தோட பலன் உண்டு."

"உங்களுக்கும் உண்டு. சந்தேகம் வரணுமே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே மனைவி ஹில்டேவுக்கு அனுப்பிய மின்னஞ்சல்.

'திருட்டுப் பயல்கள் சேர்ந்து விலையை ஏற்றத் திட்டம் போட்டார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.'

"இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அங்க என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியாம இருக்க நான் என்ன முட்டாளா?"

ஆணையம் அனுப்பிய குற்றச்சாட்டுக் கட்டைப் பிரித்தேன். சோதனைக்கு வந்தவர்கள் அவருடைய கணினியை முழுக்க நகலெடுத்துப் போயிருந்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். அதே இரண்டு வரிகள். மேலே, 'தெரிந்தே பங்கேற்றதற்கான சான்று' என்று தலைப்பு.

லீவன் விரல் வைத்துப் படித்தார். விரல் நின்றுவிட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இது ஹில்டேகிட்ட மட்டும் சொன்னதாச்சே," என்றார்.

"ஆமா. மனைவிகிட்ட மட்டுந்தான் சொன்னீங்க. அந்த மேஜையில சொல்லலை."