எதிர் வண்டியில் என் வீட்டுக்காரர்

"சிக்னல் கோளாறு காரணமாக வண்டி சற்று நேரம் நின்று புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் சொன்னது. இந்தச் 'சற்று நேரம்' என்ற பேச்சைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அன்றோடு தொலைந்தான். நான் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறவள். ஊரார் பார்வையை எல்லாம் நாள் முழுக்கச் சரிசெய்துவிட்டு வரும் எனக்கு, என் வீட்டுக்காரரைப் பார்க்கக் கிடைப்பது சாயங்காலம் கால் மணி நேரம். அதைத்தான் இந்த ரயில் தின்றுகொண்டிருந்தது.

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. நான் வீடு திரும்பும்போது அவர் வேலைக்குக் கிளம்புவார். நடுவில் இருக்கிற ஸ்டேஷனில் அவர் வண்டி மாற வேண்டும். அந்த இடைவெளியில் நான் அங்கே இறங்கிக்கொள்வேன். தண்ணீர்க்குழாய்ப் பக்கம் ஒரு பெஞ்சு, அதுதான் எங்கள் குடித்தனம். காலையில் அவர் வருவதற்குள் நான் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ரொட்டிக்கு ஏது ஞாயிறு? ஆறேழு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. மகள் பள்ளி இறுதி வகுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள், தட்டினால் "என்னம்மா?" என்கிறாள், அவ்வளவுதான்.

பெஞ்சுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். அங்கே சண்டை கூடாது. கிடைக்கிற கால் மணியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிந்தால், மறுநாள் வரைக்கும் அந்த மூஞ்சியோடுதான் இருக்க வேண்டும். அதனால் நல்லதை மட்டும் பேசுவோம். அந்தச் சட்டம்தான் எங்களைக் கெடுத்தது. வெளியூரில் புதிதாகத் திறக்கிற தொழிற்சாலைக்கு இரண்டு வருடம் போகச் சொல்லி சூப்பர்வைசர் அவரைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. பகல் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். சேதியைச் சொன்னதோடு சரி. அதற்கு மேல் பேச்சை எடுத்தால் சண்டையாகும் என்று அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. குழாய் ஒழுகுவதையும் மகளின் பரீட்சையையும் பேசியே வாரத்தை ஓட்டினோம். இன்றைக்கு ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சட்டமாவது மண்ணாவது, இன்று பெஞ்சில் உட்கார்ந்து 'போகாதீங்க' என்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். கால் மணி நேரமும் போய்விட்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

போன் செய்தேன்.

"எங்க இருக்கே? நான் காத்திருந்து பார்த்துட்டு இப்பதான் வண்டி ஏறினேன். இதை விட்டா ஷிஃப்டுக்குப் போக முடியாது" என்றார்.

"சிக்னல் கோளாறாம். ஏங்க, அந்த வெளியூர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன். ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய முழங்கை என் விலாவில். மறுபக்கம் நர்ஸம்மா. தினமும் என்னோடு இதே பெட்டியில் வருகிறவள், காது கழுகுக் கண்ணைவிடக் கூர்மை. இத்தனை பேர் நடுவில், இத்தனை வயதில், 'நீங்க இல்லாம என்னால முடியாதுங்க' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றார். லைன் போய்விட்டது.

"இதைக் கேக்கவா அவ்வளவு மூச்சு வாங்கினீங்க?" என்றாள் நர்ஸம்மா.

"உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைத் தெரிந்தவள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் எதிர் வண்டி ஊர்ந்து வந்து, பெருமூச்சு விட்டு, அதுவும் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் நேராக. இரண்டும் திறக்க முடியாத கண்ணாடி. வேடிக்கை பார்ப்பதற்காகத்தான் திரும்பினேன். எனக்கு நேரே இல்லை, இரண்டு ஜன்னல் தள்ளி, அவர்.

"ஐயோ, என் வீட்டுக்காரர்!" என்று கத்தியே விட்டேன். நர்ஸம்மா ஆட்களைப் பிளந்து எனக்கு வழி பண்ணினாள். கூட்டமே நகர்ந்து கொடுத்தது. கைநீட்டினால் தொடலாம் போன்ற தூரம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தட்டுங்க, தட்டுங்க!" என்றார்கள் எல்லாரும். கண்ணாடியைத் தட்டினேன். அவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர்தான் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸம்மா அவரை எழுப்பச் சொல்லிச் சைகை காட்டினாள். தொப்பிக்காரர் அவர் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இந்த ஆறேழு வருடத்தில் வீட்டில் அவர் அசந்து தூங்குவதை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பார். தெருவில் ஒரு ஹாரன் அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பெயர் தூக்கமா? இங்கே வாய் திறந்து, தலை சாய்ந்து, அடித்துப் போட்ட மாதிரி. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் எல்லாம் நரை. எப்போது நரைத்தது? பெஞ்சில் தினமும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டில் உட்கார்ந்து குழாயைப் பற்றிப் பேசியிருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை. பாவி மனுஷன், இப்படி இளைத்தா போய்விட்டார்?

பகல் வேலை என்றால் ராத்திரி தூங்கலாம்.

இரண்டு கையையும் ஆட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்றேன். தொப்பிக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் நர்ஸம்மா.

"தூங்கட்டும் விடுங்க" என்றேன். கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றேன். வண்டிகள் இரண்டும் நெடுநேரம் நகரவில்லை. முதல் முறையாக அந்த ஒலிபெருக்கிப் பெண்ணை நான் திட்டவில்லை. பிறகு அவருடைய வண்டிதான் முதலில் கிளம்பியது.

நான் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"தொழிற்சாலை வாசல்ல நிக்கிறேன்" என்றார். "சூப்பர்வைசர் உள்ள கூப்பிடறார். என்ன சொல்லட்டும்?"

தெருவில் யாரும் இல்லை. இப்போது சத்தம் போட்டுக்கூடச் சொல்லலாம்.

"போறேன்னு சொல்லுங்க" என்றேன்.

போனில் இயந்திரம் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"நீ வேணாம்னு சொல்லிடுவேன்னு நம்பிக்கிட்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன். "சொல்லத்தாங்க இருந்தேன்" என்றேன். "உங்க முகத்தைப் பார்த்துட்டேன். தூங்கணும்ங்க நீங்க."

"எங்கே பார்த்தே?"

"பார்த்தேன். விடுங்க."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, என்னைச் சிரிக்க வைக்கத்தானோ என்னவோ, "ஒண்ணு கவனிச்சியா?" என்றார். "அங்க போயிட்டா, நீ தூங்கற நேரத்துலதான் நானும் தூங்குவேன்."

"ஆமாங்க" என்றேன். "ரெண்டு ஊர்ல."