நாற்பது கிலோ கழிவு

1.

பூமியைக் காப்பாற்ற மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது கேள்விப் படிவம். நவி மும்பை வாஷியில் நடந்த ஒரு மாநாட்டில், ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு ஒருவர் இப்படிச் சொன்னார். முடிவில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தோல் பை கொடுத்தார்கள். பைக்குள் ஓர் அட்டை: ‘பொறுப்புடன் தயாரிக்கப்பட்டது.’ இந்தக் கதை அந்த அட்டையிலிருந்து வந்தது. மதியச் சாப்பாடு சுமார்.

2.

தாராவியின் குறுகலான சந்துகளில் சூரியன் தயங்கித் தயங்கி

(வேண்டாம். தாராவியை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சந்தில்தான் நுழைகிறார்கள். டியூப்லைட்டில் தொடங்குகிறேன்.)

டியூப்லைட் வெளிச்சத்தில் நாகூர் மீரானின் தோல் பட்டறை. ஆறு தையல் மெஷின், ஒன்பது ஆட்கள். மாநாட்டுக்கு இரண்டாயிரம் பை தைக்கும் ஆர்டர் கையருகில் நின்றது. அது உள்ளே வர, ஆர்டர் தரும் கம்பெனியின் படிவம் நிரம்ப வேண்டும். நிரப்ப வந்திருந்தவள் சஃபீனா. கோவண்டிக்காரி; கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்று அறிக்கை எழுதித் தரும் ஆபீஸில் வேலை. நூற்றுப் பதினெட்டுக் கேள்விகளில் எழுபதைத் தாண்டியிருந்தாள். கண் எரிந்தது.

“மாமா, மாசத்துக்கு எவ்வளவு கச்ரா, குப்பை வருது?”

“கச்ராவா? ஒண்ணும் வராதே.”

“தோல் வெட்டுனா துண்டு விழும்லா?”

“விழும். பெருசு பர்ஸுக்கு. சிறுச இசக்கி கீசெயினுக்கு அள்ளிட்டுப் போயிருவான். பசை டின்னக்கூட டப்பாக்காரன் விடமாட்டான். பொறவு என்னத்தத் தூரப் போட? என்னப் பாத்தா வீணாக்குற ஆளு மாதிரியா தெரியுது?”

சஃபீனா லேப்டாப்பில் பூஜ்யம் என்று அடித்தாள். கட்டம் சிவந்தது: ‘நம்பத்தகாத மதிப்பு.’

3.

(இங்கே சஃபீனாவை நேர்மையானவள் என்று எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டுக் களைத்தவள் என்று போட்டேன். மாலை ஆறு மணிக்கு எது எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை.)

அவள் தன் மேலதிகாரி ஜம்புவுக்குப் போன் செய்தாள். மாதுங்காவில் அவர் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஜீரோன்னா ஆடிட்டர் எப்படிம்மா நம்புவார்? ஏதாவது குப்பையைக் காட்டச் சொல்லு. அப்ரூவ்டு கழிவு வண்டிக்காரன்கிட்ட சர்டிபிகேட் வாங்கணும். வெள்ளிக்கிழமை போர்ட்டல் மூடிடும்.”

“அவர்கிட்ட குப்பையே இல்ல சார்.”

“தாராவியில குப்பை இல்லேங்கறே. நீ சொல்றதை நீயே ஒரு தரம் கேட்டுப் பாரேன்.”

மீரான் பொறுமையாக விவரம் கேட்டுக்கொண்டார்.

“அப்ப குப்பை போட்டாத்தான் சுத்தமான ஆளு?”

“ஆமா மாமா.”

“இத மொதல்லயே சொல்லப்படாதா புள்ள?”

4.

பொருந்தாது.

(படிவத்தில் இந்தப் பதில் நாற்பது இடத்தில் செல்லுபடியாயிற்று. கதையிலும் ஒருமுறை செல்லட்டும்.)

5.

வியாழக்கிழமை மீரான் இசக்கியிடம் போய், தான் அனுப்பிய துண்டுகளிலேயே நாற்பது கிலோ கைமாற்றாகக் கேட்டார்.

“என்ன பாய், குப்பையவா கைமாத்து கேக்கீரு?”

“சாயங்காலமே வந்துரும்ல.”

வந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற வண்டி* சர்டிபிகேட்டை நீட்டிவிட்டு மூட்டையோடு சந்து முனை திரும்பியது. ரயிலுக்கு நடந்த சஃபீனா, அதே வண்டி இசக்கியின் கடை வாசலில் மூட்டையை இறக்குவதைப் பார்த்தாள். டிரைவர் என்றைக்கும் இறக்கும் இடம்தானாம்.

“எடை சரியா இருக்கான்னு நீயே பாத்துக்கோம்மா,” என்றான் இசக்கி. “நாளைக்கு எம்மேல பழி வரப்படாது.”

ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி மொபைலில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நாற்பது கிலோ; நூறு சதவீதம் பொறுப்புடன் அகற்றப்பட்டது. நாற்பதை அடித்ததுமே அடுத்த கட்டம் தானாக நிரம்பிக்கொண்டது. இலக்கு: 2030க்குள் பூஜ்யம். அதற்கும் கீழே, ‘நேரில் பார்த்துச் சரிபார்த்தவர்’ என்று அவள் பெயர். நேரில்தான் பார்த்திருந்தாள். அதுதான் தொல்லை.

* மின்சார வண்டி. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

6.

முடிவு அ: சஃபீனா பெயரை அழிக்கிறாள். அவள் வேலையும் மீரானின் ஆர்டரும் போகின்றன. ஒன்பது பேர் டோம்பிவிலிப் பக்கம் வேறு பட்டறை தேடுகிறார்கள். மாநாட்டில் பைக்குப் பதில் பேனா கொடுக்கிறார்கள். இலக்கியத்துக்கு உகந்த முடிவு.

முடிவு ஆ: குர்லா வருவதற்குள் அவள் சமர்ப்பி என்பதை அழுத்திவிட்டு

முடிவை உங்களிடம் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் பை என் மேஜைமேல் இருக்கிறது, தையல் அருமை. ஆகவே அவள் அழுத்தியிருக்கிறாள். அழுத்தும்போது என்ன நினைத்தாள் என்பதை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அலுத்துவிட்டது.

மாநாட்டன்று வரிசையின் கடைசியில் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்குத்தான் சஃபீனா என்று பெயர் வைத்தேன். அவள் முறை வந்தபோது பை தீர்ந்துவிட்டது என்றார்கள்.

என்னிடம் இரண்டு பைகள் இருக்கின்றன.