பதினெட்டாவது பெயர்

"வியாழக்கிழமை பயிற்சிக்கு நீ வரல. சனிக்கிழமை ஆட்டத்துல நீ இல்ல."

"அப்பா, அது ஃபைனல்! வியாழக்கிழமை நம்ம மாடு கன்னு போட முடியாம கெடந்துச்சு. கூடவே இருடான்னு நீதானே சொன்ன?"

"சொன்னது அப்பன். இப்ப பேசுறது கோச். ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒரு சட்டம்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது."

கிரெய்க் பூட்ஸை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சனிக்கிழமை அவன் இல்லாமலே ஜெயித்தார்கள். அவன் அப்பா லின்ட்சேக்கு அதுதான் இன்றும் உறுத்துகிறது. தோற்றிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பார்.

அடுத்த பருவத்தில் கிரெய்க், அப்பா பயிற்சி தந்த ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தை விட்டுவிட்டு, ரயிலடிக்கு அந்தப் பக்கம் ரக்பி லீக் ஆடப் போனான். நண்பர்கள் நான்கு பேர் பின்னாலேயே போனார்கள். ஆறு வருடம் ஆகிவிட்டது.

ரூல்ஸ் ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்டால், கிளப் கேன்டீனில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தோறும் டிவியில் சிட்னியின் லீக் ஆட்டம்தான். மூன்று பண்ணைகள் ஒன்றாகி, மூன்று குடும்பம் இருந்த இடத்தில் ஒரு டிராக்டர் நிற்கிறது. லீக்குக்குப் பதின்மூன்று பேர் போதும், ரூல்ஸுக்குப் பதினெட்டு வேண்டும். அடிபடும் என்று பயந்த தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளை உருண்டைப் பந்து ஆடும் சாக்கருக்கு அனுப்புகிறார்கள். எல்லாமே உண்மைதான். எதற்கும் லின்ட்சேயிடம் மருந்து இல்லை. ஆனால் போன அந்த ஐந்து பேரில் முதல் ஆள் தன் வீட்டு வாசலிலிருந்து போனவன் என்பது அவருக்கு மட்டும் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்த வருடம் போட்டி நடத்தும் ரூல்ஸ் சங்கம் கெடு வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதினெட்டுப் பெயர் தராவிட்டால் போட்டி அட்டவணையில் கிளப் இருக்காது. கசாப்புக் கடைக்காரருக்கு நாற்பத்தாறு வயது. அவரையும் சேர்த்தே பதினேழுதான் தேறியது.

"நம்ம பையன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி நொலீன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்குற மூஞ்சிதான். வேற எங்க போய் வாங்குறது?"

வியாழன் மாலை லீக் மைதானத்தின் வேலியோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். உள்ளே முப்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். முப்பது! பாதிப் பேரை அவர்தான் எட்டு வயதில் பந்து பிடிக்கப் பழக்கியவர்.

"டேய் கிரெய்க், பெருசு வந்திருக்கு! வயசான காலத்துல கட்சி மாறிட்டாரு போல" என்று ஒருவன் கத்தினான்.

"வாங்க கோச், ஜெர்சி பெருசா ஒண்ணு வச்சிருக்கோம். தொப்பையெல்லாம் உள்ள போயிரும்!" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். பகையே இல்லாத சிரிப்பு. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கிரெய்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடது முழங்காலில் தொடை வரை கட்டு.

"என்னடா இது?"

"ஜவ்வு கிழிஞ்சுபோச்சுப்பா. அம்மாகிட்ட சொல்லிடாத. இன்னொரு தடவ இப்படி விழுந்தா அவ்வளவுதான், ஆட்டத்த மறந்துடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு வாரம் கழிச்சுப் பாக்கணும்."

"வலிக்குதா?"

"படி ஏறி இறங்கத்தான். நீ என்ன இந்தப் பக்கம்? மாடு எதுவும் செத்துப்போச்சா?"

லின்ட்சே சிரிக்க முயன்றார். சட்டைப் பையில் இருந்த பெயர்ப் பட்டியல் நெஞ்சில் கனத்தது. நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் அப்பனுக்கு அழகு என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கட்டைப் பார்த்த பிறகு எவனும் கேட்க மாட்டான். இன்னும் ஒரே நாள். பதினேழு பெயர்.

"சொல்லுப்பா" என்றான் கிரெய்க்.

அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் முழங்காலைப் பார்த்தார். அதையும் பார்க்க முடியவில்லை.

"எங்களுக்கு ஆள் பத்தல கிரெய்க்" என்றார். "திரும்பி வந்து ஆடுறியா?"