வடம் தொடும் வேண்டுதல்

"அப்ப அறுந்தா எங்க வந்து விழும்?"

"நீங்க நிக்கிற எடத்துல, அத்தே."

"நான் எங்க நின்னாலுமா?"

தினேஸ்வரி பெருமூச்சு விட்டாள். மாமியார் பாப்பா, வின்ச் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டுப்புடவையோடு நின்றிருந்தார்.

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டம் செம்பனைக் காடாகிவிட்டது. அம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருந்தது. புந்தோங்கிலிருந்து வந்த கூட்டம் இழுத்த தேர், நேற்றைய மழைச் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டது. கைவடம் பிடித்து இழுத்ததில் ஆட்கள்தான் விழுந்தார்கள். கடைசியில் அவள் கணவன் ஷர்வின், தன் ஜீப்பின் முன்னால் இருந்த வின்ச் உருளையிலிருந்து இரும்புக் கம்பியை நீட்டித் தேரில் கொக்கி மாட்டினான்.

இரும்பானால் என்ன, இதுவும் வடம்தானே? தொட்டுப் புண்ணியம் தேட எல்லாரும் ஓடி வந்தார்கள். யாரோ அதற்குக் குங்குமமும் வைத்தார்கள்.

பாரம் தூக்கும் கயிறுகளை அறுகிறவரை இழுத்துப் பார்ப்பதுதான் ஈப்போவில் தினேஸ்வரிக்கு வேலை. குச்சியால் சேற்றிலேயே கணக்குப் போட்டாள்.

"நாலு டன் இழுவை. கம்பி ஒரு சாண் நீளும். அறுந்தா கொக்கி பறக்கும். அதப் புடிச்சு நிறுத்த இன்னொரு கட்டு வேணும்லா."

கோயில் தலைவர் கனகராஜ் கோயில் கேட்டைப் பூட்டும் சங்கிலியைத் தூக்கி வந்தார். "இதவிடக் கெட்டியா என்னம்மா வேணும்?"

"கெட்டியா இருக்கறதுதான் வம்பு, அண்ணே. சங்கிலி நீளாது. மூணு வெரக்கடைக்குள்ள நிறுத்தணும்னா எட்டு டன்னாவது தாங்கணும். தாங்காது, அதுவும் கூடச் சேந்து பறக்கும். நைலான் பட்டைன்னா நீண்டு நீண்டு அரை மீட்டர்ல நிறுத்தும். ரெண்டு டன் தாங்குனா போதும்."

"அலாமாக்! கொக்கியோட சேந்து சங்கிலியும் பறக்குமா?" கனகராஜ் சங்கிலியை மெதுவாகக் கீழே வைத்தார், வெடித்துவிடும் என்பதுபோல.

அவள் ஜீப்பில் கிடந்த நைலான் பட்டையால் கொக்கியைத் தேரோடு சேர்த்துக் கட்டினாள். கம்பி அறுந்தாலும் எழும்பாமல் இருக்க அதன்மேல் நனைந்த சாக்குகளைப் போட்டாள். சாக்குகளுக்கும் மாலை விழுந்தது. பிறகு கூட்டத்தைப் பனைமரங்களுக்குப் பின்னால் விரட்டினாள். பாப்பா மட்டும் நகரவில்லை.

"என் மருமவ கட்டுனது. எனக்கென்ன பயம்?"

"கட்டுனவளுக்கே பயமா இருக்கு, அத்தே."

"மவனுக்கு நல்ல பொண்ணு அமைஞ்சா வடம் தொட்டு இழுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப தொடலன்னா ஆத்தா என்ன நெனைப்பா? பொண்ணு சரியில்ல போலன்னு நெனைக்க மாட்டா?"

எந்தக் கயிற்றுக்கும் இப்படி ஒரு பாரம் ஏறித் தினேஸ்வரி பார்த்ததில்லை.

"பாப்பாக்கா தொட்டா நாங்களும் வருவோம்!" பனைமரங்கள் கத்தின. ஜீப்பிலிருந்து ஷர்வின் எட்டிப் பார்த்தான். "இழுக்கவா? வேணாமா?"

பாப்பாவின் கை கம்பியை நோக்கி நீண்டது. தினேஸ்வரி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அத்தே, தேருக்குப் பின்னால வந்து தள்ளுங்க. அங்க கம்பி வராது. வேண்டுதல்ல 'இழுக்கறேன்'ங்கற அந்த ஒரே ஒரு சொல்ல மட்டும் 'தள்ளறேன்'னு மாத்திக்கிறீங்களா?"